பின்பெட்டிக்குச் சாப்பிடப் போனவர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. ரயிலில் சீட்டுச் சோதிக்க ஆள் வந்தால், சட்டைப்பையில் செல்லுபடியாகிற சீட்டு இருக்கும்போதே எனக்கு நெஞ்சு இடிக்கும். தபால்பெட்டியில் ஜன்னல் வைத்த அரசாங்கக் கடித உறை கிடந்தால், அதைத் திறக்க முன் ஒரு தேத்தண்ணி குடித்தாக வேண்டும். மேல்வீட்டுக்காரி படியில் வணக்கம் சொன்னால், நேற்று நாங்கள் சத்தமாகக் கதைத்துவிட்டோமோ என்று யோசிப்பேன். சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்தால் இந்தப் பயமெல்லாம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது. இப்போது கூடுதலாக, அதைத் தொலைத்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆள் ஒன்பது வருடங்களுக்கு முன், தன் எட்டு வயது மகளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு நான்கு நகரங்கள் பார்க்க ரயிலில் புறப்பட்டது வீரத்தால் அல்ல. வேறு வழி இருக்கவில்லை.

என் மனைவி ஸ்ரெல்லாவுக்கு அந்தத் திங்கட்கிழமை பரீட்சை. முதியோர் பராமரிப்பு வேலைக்கான பரீட்சை. இரண்டு வருடமாக வேலையால் வந்து, சமைத்து, பிறகு கொட்டாவி விட்டபடி ஜெர்மன் புத்தகத்தோடு மல்லுக்கட்டியவள். மகள் நத்தாலியும் நானும் வீட்டில் இருந்தால் அவளால் ஒரு பக்கம் படிக்க முடியாது. (நத்தாலி சத்தம் போடுவாள். நான் "சத்தம் போடாதை" என்று அதைவிடப் பெரிய சத்தம் போடுவேன்.) பள்ளிக்கூடத்தில் இலையுதிர்கால விடுமுறை வேறு. ஆகவே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்: மிலான், வெரோனா, வெனிஸ், திரும்பும் வழியில் ஜெனீவா. ஐந்து நாள். அப்பாவும் மகளும் மட்டும்.

ஸ்ரெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறியளோ, இல்லாட்டிப் பிள்ளை உங்களைக் கூட்டிக்கொண்டு போறாவோ?"

"என்ன பகிடியோ? நான் தனிய அஞ்சு நாடு தாண்டி வந்தவன்."

"அது ஒளிச்சு வந்தது. இது ரிக்கெற் எடுத்துப் போறது. உங்களுக்கு இதுதான் பழக்கமில்லை."

அவள் சொன்னது உண்மை. நாங்கள் இருக்கிற ஊஸ்டரில் இருந்து மிலானுக்குப் போகிற எவரும் சூரிச்சில் ஏறி, நேரே தெற்கே, கியாசோ எல்லையால் போவார்கள். நான் கியாசோவால் போகமாட்டேன். பத்தொன்பது வயதில் நான் இந்த நாட்டுக்குள் வந்து சேர்ந்ததே அந்த வழியால்தான். ரயில் மலசலகூடத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை, கதவைத் தட்டி, இறக்கி, ஒரு நீள மர வாங்கில் இருத்தி வைத்த இடம் கியாசோ. அடிக்கவில்லை, ஏசவில்லை, தண்ணீர்கூடத் தந்தார்கள். ஆனாலும் அந்த நிலையத்தின் பெயரைப் பலகையில் பார்த்தால் இன்றைக்கும் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆகவே பேர்ண் வழியாகச் சுற்றிப் போவது என்று முடிவு செய்தேன். அதற்கு ஸ்ரெல்லாவிடம் வேறு காரணம் சொன்னேன். "பேர்ணில ஒரு ரெயின் இருக்கு. ஏறினால் மாறத் தேவையில்லை, மலையெல்லாம் ஏறி நேர இத்தாலியில கொண்டுபோய் விடும். மாறுற இடத்திலதான் பிள்ளையள் துலையிறது. மாறாட்டி எப்பிடித் துலையும்?" இந்தத் தத்துவத்தை நான் மூன்று தடவை சொன்னதாக ஸ்ரெல்லா சொல்கிறாள். ஐந்து தடவை என்பது நத்தாலியின் கணக்கு.

சனிக்கிழமை விடிய எழும்பி ஸ்ரெல்லா எங்களுக்குச் சாப்பாடு கட்டினாள். எனக்குப் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். இடையில் கடிக்க ஒரு பெட்டி நிறையப் பொரித்த இறைச்சி ரோல்ஸ். நத்தாலி கேட்டபடி அவளுக்குப் பாணும் சீஸும். பையைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கறி சும்மா இருக்கப்போவதில்லை என்று. மூன்று உறைகளுக்குள் வைத்துக் கட்டியும் அது ஊஸ்டர் நிலையத்திலேயே மணக்கத் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய விசயத்தைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் பிறகு செய்த காரியம் உங்களுக்கு விளங்காது.

நான் வந்த புதிதில், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. ஒருநாள் வேலை முடிந்து ரயிலில் ஏறி, பசி தாங்காமல் சோற்றுப் பார்சலைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். திறந்த ஒரு நிமிடத்தில் புத்தகத்தை மூடினாள், எழும்பினாள், பெட்டியின் மற்ற அந்தத்தில் போய் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நானும் எனக்குத் தெரிந்த பதினொரு ஜெர்மன் சொற்களில் சண்டை பிடித்திருப்பேன். அவள் எழும்பிப் போனாள், அவ்வளவுதான். நான் பார்சலைச் சுற்றி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி, வெறுவயிற்றோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து ரயிலில் சாப்பிடுவதில் நான் ஒரு நிபுணன். ஆள் இல்லாத பெட்டி எது, எந்த மூலையில் காற்று எந்தப் பக்கம் இழுக்கும், இரண்டு நிலையங்களுக்கிடையில் ஒரு பார்சலை எத்தனை வாயில் முடிக்கலாம், எல்லாம் தெரியும். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் நத்தாலி பிறந்தபிறகு ஒரு பயம் வந்தது. என்னைவிட்டு யாரும் எழும்பிப் போகட்டும். என் மகள் பார்த்துக்கொண்டிருக்க யாரும் எழும்பக் கூடாது.

பேர்ணில் ரயில் ஏறினோம். இந்த ரயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். அது ஒரு ரயில் அல்ல, இரண்டு. ஒன்றின் பின்னால் மற்றதைக் கொழுவி ஒன்றாக ஓட விடுவார்கள். நடுவில் கதவு கிடையாது. முன் ரயிலில் இருந்து பின் ரயிலுக்குப் போக வேண்டுமென்றால் நிலையத்தில் இறங்கி, மேடையால் ஓடி, மறுபடி ஏறவேண்டும். ஏன் இப்படி இரண்டாக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தகப்பன் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தேன். சனம் கூட என்றபடியால் என்று முடிவுக்கு வந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஏதோ நீளமாகச் சொன்னது. பதினெட்டு வருடம் அந்தக் குரலைக் கேட்டவனுக்கு அது மழைச் சத்தம் போல. நான் நத்தாலியின் ஜாக்கெட்டுக்கு ஊசி குத்தி முகவரிச் சீட்டு மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

"அப்பா, நான் பார்சல் இல்லை," என்றாள் நத்தாலி.

தூன் நிலையம் வர மணி பன்னிரண்டு. பசி கண்ணை இருட்டியது. எங்கள் பெட்டியில் நல்ல சனம். எனக்கு எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதியவர் இருந்தார். (வெள்ளைச் சட்டைக்காரருக்கு முன்னால் ஆட்டிறைச்சிக் கறி திறப்பதா!) ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பின்னால் கொழுவியிருந்த ரயில் காலி.

"குஞ்சு, இஞ்சையே இரு. அசையக் கூடாது. அப்பா பின்னுக்குப் போய்ச் சாப்பிட்டிட்டு, அடுத்த ஸ்ரேசனில ஓடி வாறன். பத்தே பத்து நிமிசம்."

"ஏன் இதில சாப்பிட்டால் என்ன?"

"இதில இடம் காணாது."

அவள் எனக்கு முன்னால் இருந்த மடிப்பு மேசையைப் பார்த்தாள். அதில் ஒரு குடும்பமே சாப்பிடலாம். பிறகு என் தொலைபேசியில் கார்ட்டூன் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் தொலைபேசியை அவளிடமும் சாப்பாட்டுப் பையை என்னிடமும் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேடையால் ஓடி, பின் ரயிலில் ஏறினேன். இந்த ஓட்டத்தில் நான் ஒருதடவை தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது. அது ஏன் என்று பிறகு வரும்.

பார்சலைத் திறந்தேன். கறி கொஞ்சம் ஒழுகியிருந்தது. துடைத்து, ஒழுங்குபண்ணி, புட்டைக் குழைத்து முதல் வாய் வைக்கும்போது ரயில் ஸ்பீயெட்ஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. இறங்கி ஓடவேண்டிய இடம் இதுதான். ஆனால் கை முழுக்கக் கறி. வாய் முழுக்கப் புட்டு. அடுத்த நிலையத்தில் போகலாம் என்று நினைத்தேன். எங்கோ முன்னால் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. நான் ஒரு எலும்பை எடுத்து உறிஞ்சினேன்.

கொஞ்சம் பொறுத்து ரயில் வெளிக்கிட்டது. மூன்றாவது வாய் சாப்பிடும்போது நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அடுத்தடுத்து வரப்போகிற ஊர்களின் பெயர்கள் ஓடின. ஒன்றுகூட நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பெயர் அல்ல. கடைசி நிலையம் ஸ்வைசிம்மன் என்று போட்டிருந்தது.

பெட்டியில் என்னைத் தவிர ஒரேயொரு மனிசிதான் இருந்தார். மலை நடைக்குப் போகிற தடி இரண்டு வைத்திருந்தார். நான் கறிக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்க் கேட்டேன்: இது இத்தாலிக்குப் போகும்தானே?

"இல்லையே," என்றார் அவர் அன்பாக. "அது முன்பக்கம். ஸ்பீயெட்சில் கழற்றி விட்டார்களே. அது அப்போதே போய்விட்டது."

கை கால் ஆறிப்போவது என்று சொல்வார்கள். எனக்கு முதலில் ஆறியது காதுகள். அவர் இன்னும் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மலைகளுக்குள்ளால், நான் இல்லாத ஒரு ரயிலில், என் மகள் இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டு வயது. அவளுடைய கடவுச்சீட்டு என் சட்டைப்பைக்குள். எந்த எல்லையில் யார் அவளை இறக்கி ஒரு வாங்கில் இருத்துவார்களோ என்று நினைத்ததும் ஓடிப்போய்ப் பார்சலை அள்ளிப் பைக்குள் திணித்துத் தூக்கிக்கொண்டேன்.

ஒரு ஒழுங்கான தகப்பன் என்ன செய்வான்? கத்துவான். சாரதியின் கதவைத் தட்டுவான். சிவப்புக் கைபிடியை இழுத்து ரயிலை நிறுத்துவான். நானும் சிவப்புக் கைபிடிக்குக் கீழே போய் நின்றேன். தேவையில்லாமல் இழுத்தால் தண்டனை என்று எழுதியிருந்தது. அதை ஜெர்மனில் வாசித்தேன். பிரெஞ்சில் வாசித்தேன். தண்டனை கொஞ்சம் குறையுமோ என்று இத்தாலியனிலும் வாசித்தேன்.

அந்த நேரம் பார்த்து, பெட்டியின் மறு அந்தத்துக் கதவு திறந்து சீருடையில் ஒருவர் வந்தார். கொன்றோல்காரர். சீட்டுச் சோதிப்பவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். கடவுள் அனுப்பிய ஆள். ஓடிப்போய்ச் சொல்லவேண்டியதுதானே?

நான் ஓடினேன். அவர் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. மலசலகூடத்துக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டேன், சாப்பாட்டுப் பையோடு.

இதை இன்று எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. என் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் கால்களுக்கு அது தெரியவில்லை. அவை பத்தொன்பது வயதுக் கால்கள். சீருடையைக் கண்டால் எங்கே ஓடவேண்டும் என்று அவற்றுக்கு ஒரே ஒரு இடம்தான் தெரியும். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. பிள்ளையைக் கவனிக்கத் தெரியாத பெற்றோரிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குள் கதைகள் உலவும். கோயிலில் ஒரு கதை, தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கதை. அதில் பாதி நாங்களே கட்டியது. எந்தப் பாதி என்று பயத்துக்குத் தெரியாது. "சாப்பிடப் போனேன், பிள்ளை இத்தாலிக்குப் போய்விட்டது" என்று ஒரு படிவத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் அதிகாரியாக இருந்தால் நானே பிள்ளையை எடுத்துவிடுவேன்.

புனித அந்தோனியாரைக் கூப்பிட்டேன். காணாமற்போன பொருட்களைக் கண்டுபிடித்துத் தருகிறவர். அதுவரை அவரிடம் நான் வீட்டுத் திறப்புக்கோர்வையும் ஒருதடவை குடையும்தான் கேட்டிருந்தேன். "அந்தோனியாரே, பிள்ளையின்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துறன். ஒவ்வொரு வரியமும் கொளுத்துறன். ஸ்ரெல்லாவுக்கு மட்டும் தெரியப்பிடாது." கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். மீசையில் ஒரு புட்டுத் துண்டு. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. என் பிள்ளை தனியே, நான் இங்கே ஒளித்துக்கொண்டு. அழுகை வந்தது. அழுதேன்.

கதவைத் தட்டினார்கள்.

நான் மூச்சைப் பிடித்தேன்.

மறுபடி தட்டினார்கள். "ஹலோ? கறிச் சாப்பாடு உங்களுடையதா?" (அவர் ஜெர்மனில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.)

முடிந்தது, என்று நினைத்தேன். ரயிலில் கறி சாப்பிடுவது சட்டப்படி குற்றம் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதவைத் திறந்தேன். கொன்றோல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் தொலைபேசி இருந்தது.

"நீலச் சட்டை, மீசை, கறி மணம்," என்றார். "நீங்கள்தான். உங்களைத்தான் தேடுகிறோம். முன் ரயிலில் ஒரு சின்னப்பெண், தன்னுடைய அப்பா தொலைந்துவிட்டார் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறாள்."

"மகள்... மகள்..." என்றேன். ஜெர்மன் முழுவதும் மறந்துவிட்டது.

"பயப்படாதீர்கள். அவள் நன்றாக இருக்கிறாள்." அவர் என் தோளில் கைவைத்துச் சிரித்தார். "படையினரோடு இருக்கிறாள்."

ஒரு மனிதனின் பயத்தைப் போக்கச் சொல்லப்பட்ட சொற்களில் இதைவிட மோசமானதை நான் கேட்டதில்லை. பிள்ளை ஆமியோடு இருக்கிறது. எங்கள் ஊரில் ஆமியோடு போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, படத்தைக் கையில் பிடித்தபடி ரோட்டோரம் இருக்கிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். என் பெரியம்மாவும் அதில் ஒருத்தி. இந்த ஒரு இடத்தை மட்டும் பகிடியாக எழுத எனக்கு வராது.

"துவக்கு?" என்று கேட்டேன், தோளில் துப்பாக்கி மாட்டுவதுபோலக் காட்டி.

"ஓ, எல்லோரிடமும் இருக்கிறது," என்றார் அவர். என்னை இன்னும் ஆறுதல்படுத்துகிறாராம்.

நான் அந்த நடைபாதையிலேயே குந்திவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் தந்தார். என்னுடைய முகம் ஏன் அப்படிப் போனது என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கியிருக்காது. தூன் படைமுகாம் உள்ள ஊர், சனிக்கிழமை வீட்டுக்குப் போகிற பொடியள் மத்தியானம் அங்கேதான் ஏறுவார்கள், மலையடிவாரத்துப் பிள்ளைகள், நல்லவர்கள், என்று பொறுமையாக விளக்கினார். நான் பின்பெட்டிக்குத் தலைகுனிந்து ஓடிய அதே நிமிடத்தில் அவர்கள் முன்பெட்டியில் ஏறியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்திருந்தால், பட்டினி கிடந்தாலும் கிடந்திருப்பேனே தவிர மகளைவிட்டு ஓரடி அசைந்திருக்கமாட்டேன். அந்தப் பொடியள் ஃப்ருட்டிகன் என்ற நிலையத்தில் அவளோடு இறங்கிக் காத்திருப்பார்களாம். நான் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயிலில் ஸ்பீயெட்சுக்குத் திரும்பி, அடுத்த இத்தாலி ரயிலைப் பிடிக்கவேண்டும்.

அந்த ஒரு மணித்தியாலத்தை என் ஆயுளில் இருந்து யாராவது கழித்துத் தந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வேன். ஸ்பீயெட்ஸ் மேடையில் ஏரி பளபளத்தது. சனம் படம் எடுத்தது. நான் மனதுக்குள் நத்தாலியின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். பயத்தில் அதுவும் வரவில்லை, ஜாக்கெட்டில் மாட்டிய முகவரிச் சீட்டு மட்டும் தெரிந்தது. அடுத்த ரயில் வந்ததும் கண்டவரிடமெல்லாம் ஓடினேன்: "முன்பக்கமா, பின்பக்கமா?" சாரதியிடம் கேட்டேன். தள்ளுவண்டியோடு வந்த தாயிடம் கேட்டேன். நாயோடு நின்றவரிடம் கேட்டேன். எல்லோரும் முன்பக்கம் என்றார்கள். ஏறி இருந்த பிறகும் நம்பாமல், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இன்னொருதடவை கேட்டேன். இடையில் ஸ்ரெல்லாவுக்கு என்ன சொல்லுவது என்றும் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தேன். பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தால் அவளும் சொல்லமாட்டாள்.

ஃப்ருட்டிகன் வந்தது. ரயில் நிற்க முன்னமே கண்டுவிட்டேன். மேடையில் நான்கு ஆமிப் பொடியள். முதுகுப்பைகளை வட்டமாகப் போட்டு, அதன்மேல் இருந்து சீட்டு விளையாடுகிறார்கள். துவக்குகள் சுவரோடு சாத்தியிருந்தன. நடுவில், தலையில் ஆமித்தொப்பி காதுவரை இறங்க, என் மகள். கையில் சீட்டுக்கட்டு. வாயில் சொக்லேற்.

நான் இறங்கி ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். இறுக்கியதில் தொப்பி விழுந்தது. என் நெஞ்சு அடித்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"அப்பா, எங்க துலைஞ்சனீங்கள்?"

"நானோ? நீதானடி குஞ்சு துலைஞ்சது!"

"இல்லை. நான் துலையேல்லை. நான் என்ர இடத்தில அசையாமல்தானே இருந்தனான். நீங்கள்தான் துலைஞ்சனீங்கள்."

அவள் தொலைபேசியை நீட்டினாள். "இந்தாங்கோ. அம்மா லைன்ல நிக்கிறா."

அம்மா லைனில் ஒரு மணித்தியாலமாக நிற்கிறாளாம். ரயில் பிரிந்து கொஞ்ச நேரத்தில், அடுத்த நிலையத்தில் ஓடி வருவேன் என்று சொன்ன அப்பா வராததால், நத்தாலி செய்த முதல் வேலை என் தொலைபேசியில் தாய்க்கு எடுத்ததுதான். "அம்மா, அப்பா துலைஞ்சிட்டார்." ஸ்ரெல்லா அழவில்லையாம், கத்தவில்லையாம். "ஓம், பக்கத்தில ஆர் இருக்கினம்?" என்று கேட்டாளாம். பக்கத்தில் இருந்த பொடியனிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, இரண்டு வருடம் படித்த ஜெர்மனில், காணாமற்போனவரின் அடையாளங்களை அவள்தான் சொல்லியிருக்கிறாள். நீலச் சட்டை, மீசை, கறி மணம். பொடியன் அதைத் தங்கள் ரயில் கொன்றோல்காரரிடம் சொல்ல, அவர் பின் ரயில்காரருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

"ஹலோ," என்றேன் மெல்லிய குரலில்.

"மாறாட்டி எப்பிடித் துலையும்?" என்றாள் ஸ்ரெல்லா.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்போதுதான் தெரிந்தது, அந்த ஒரு மணித்தியாலமும் என் மனைவி எனக்குக் குறையாமல் பயந்திருக்கிறாள், ஆனால் ஒளித்துக்கொள்ளாமல் பயந்திருக்கிறாள் என்று.

பொடியளுக்கு நன்றி சொல்லவேண்டும். எனக்குச் சீருடைக்குப் பக்கத்தில் போகவே காலெழும்பவில்லை. அவர்களில் பெரியவனுக்கு இருபது வயது இருக்கும். செம்பட்டை மயிர், முகம் முழுக்கப் பரு. துவக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என் பையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். "என்ன அது, இவ்வளவு நல்லா மணக்குது?"

நத்தாலி எனக்கு முன்னமே பையைத் திறந்துவிட்டாள். ரோல்ஸ் பெட்டியை வெளியே எடுத்து, நிலைய மேடையில், பட்டப்பகலில், நான்கு பேருக்கும் பகிர்ந்தாள். செம்பட்டை மயிர்க்காரன் முதல் கடியிலேயே உறைப்பில் கண்ணீர் விட்டான். ஆனாலும் இரண்டாவதுக்குக் கை நீட்டினான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமிக்காரனைப் பார்த்து நான் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அப்பா," என்றாள் நத்தாலி, என் புட்டில் கை வைத்தபடி, "எனக்கும் பசிச்சது. ஏன் ஒளிச்சு வைச்சுச் சாப்பிட்டனீங்கள்?"

இடம் காணாது என்று மறுபடி சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ரயில் வரும்வரை மேடையில் கிடந்த ஒரு வாங்கில் இருந்து, புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போன பெண்ணின் கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். "அவவுக்குப் பசி போல," என்றாள் கடைசியில். "அதுதான் பாக்கேலாமல் எழும்பிப் போட்டா."

மிலான், வெரோனா, வெனிஸ், ஜெனீவா எல்லாம் பார்த்தோம். என்ன பார்த்தோம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஐந்து நாளும் நான் அவளுடைய ஜாக்கெட் தொப்பியைப் பிடித்தபடி, அதை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன். வெனிஸ் தெருக்களில் ரயில் ஓடாது என்று தெரிந்தும் விடவில்லை. ஸ்ரெல்லா பரீட்சையில் தேறினாள். வாய்மொழிப் பரீட்சையில் அவசர நிலையைக் கையாள்வது பற்றிக் கேட்டார்களாம். உதாரணத்துக்கு அவள் எங்கேயும் போகவேண்டி இருக்கவில்லை.

வீட்டில் இப்போது நான் குப்பை போடக் கீழே போனாலும் "முன்பக்கமோ, பின்பக்கமோ?" என்று கேட்கிறார்கள். விருந்தாளிகள் வந்தால் "அப்பா துலைஞ்ச கதை" சாப்பாட்டுக்கு முன்னம் ஒருதடவை, பின்னம் ஒருதடவை. அந்தோனியாருக்குச் சொன்ன நேர்த்தி இன்னொரு தொல்லை. பிள்ளை வளர வளர மெழுகுதிரியும் வளர்கிறது. நத்தாலி இப்போது என்னைவிட உயரம். போன வருடம் இரண்டு மெழுகுதிரியை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு போனேன், கோயிலில் சனம் என்னைப் பார்த்த பார்வை வேறு.

போன மாதம் அவள் பிரெஞ்சு பழக மூன்று மாதத்துக்கு ஜெனீவா போனாள். தனியாக. பதினேழு வயது. சூரிச்சில் ரயிலேற்றப் போனேன். ஸ்ரெல்லா புட்டும் ஆட்டிறைச்சியும் கட்டிக் கொடுத்திருந்தாள். நத்தாலி ரயில் வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, இது முன்பக்கமோ, பின்பக்கமோ?" அந்த ரயில் பிரிகிற ரயிலே இல்லை. ஆனாலும் நான் ஏற்கனவே மூன்று பேரிடம் விசாரித்திருந்தேன். "முன்பக்கம்," என்றேன். கதவு மூடியது. ஒன்பது வருடம் கழித்தும் நெஞ்சில் அதே இடத்தில் அதே இடி.

ஊஸ்டருக்குத் திரும்பி வரும்போது தொலைபேசியில் ஒரு படம் வந்தது. நிறைந்த பெட்டி. மடியில் திறந்த பார்சல். சுற்றிவர ஆட்கள். கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஒருத்தரும் எழும்பேல்லை அப்பா. பக்கத்தில இருக்கிற மனிசி என்ன கறி எண்டு கேட்டவ. நீங்கள் வீட்டை போயிட்டியளோ, இல்லாட்டித் துலைஞ்சிட்டியளோ?"

அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ரயில் ஊஸ்டரைத் தாண்டி வெட்சிகோன் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.